பேச்சியம்மாள் ஏன் தலையைத் தூக்கினாள்

பேச்சியம்மாளின் நினைவு மலருக்கு நானும் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. கல்லூரியில் புள்ளியியல் நடத்திய காலத்திலும் மாணவர்களைப் பார்த்துப் பேசியதைவிடக் கரும்பலகையைப் பார்த்துப் பேசியதே அதிகம். கோபம் வந்துவிட்டால் சொற்கள் முன்பின்னாகிவிடும். இப்போது கோபமாக இருக்கிறேன். அதனால் சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. செய்தி வந்த விதமும், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பொய்யும்.
2. அவள் என்ன பயிற்சி செய்தாள், எதை வைத்துக்கொண்டு செய்தாள்.
3. அவள் உடுப்பைப் பற்றி நாம் பேசியது.
4. கடலில் அவள் பிந்தியதற்கு யார் பொறுப்பு.
5. முத்துலட்சுமி விஷயமாக என் வேண்டுகோள்.

முதலாவது.

இறந்த வாரத்தின் தொடக்கத்தில் பேச்சியம்மாள் எனக்கு போன் செய்தாள். "லேசாக் காச்சலா இருக்கு சார். ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சாச் சரியாப் போகும். வெள்ளிக்கெழம கெணத்துக்கு வாரேன், நீங்களும் வந்துருங்க" என்றாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும், அவள் நீச்சல் பழகும் அந்தக் கிணற்றுக்குப் போனேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிணற்று விளிம்பில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கிணற்றுக்குச் சொந்தக்காரரான தங்கராசு அண்ணாச்சி, மோட்டார் சைக்கிளைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"எந்திரிங்க சார். அந்தப் பிள்ள இனி வராது. நேத்து மதுரைல வச்சு முடிஞ்சு போச்சாம்."

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே எனக்குத் தெரியாது. அண்ணாச்சி என் தோளைத் தொட்டார். தொட்ட கையை எடுப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

"அம்புட்டு ஓட்டம் ஓடுனா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? பொம்பளப் பிள்ள ஒடம்பு தாங்குமா?"

அன்று பகலுக்குள் இந்த வாக்கியம் திருவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய்த் திரும்பிவிட்டது. துக்க வீட்டில் ஒருவர் "நெஞ்சு வெடிச்சிருச்சாம்" என்றார். இன்னொருவர் "வெயில்ல சைக்கிள் மிதிச்சு ரத்தம் சுண்டிப் போச்சாம்" என்றார். தண்ணீரிலேயே கிடந்ததால் நுரையீரல் ஊறிப்போனதாக ஒரு அம்மாள் சொன்னார். பெற்றவள் தலைவிரி கோலமாகச் சுவரோரம் உட்கார்ந்து இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் இறந்தது டெங்குக் காய்ச்சலால். மருத்துவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவள் வீட்டுக்கு அருகில் ஒரு காலி மனை இருக்கிறது. ஐப்பசி மழைத் தண்ணீர் அதில் தேங்கி, பாசி பிடித்து நின்றது. அதே தெருவில் இன்னும் சிலருக்கும் அதே காய்ச்சல் வந்தது. அவர்களில் ஒருவர் பலசரக்குக் கடைக்காரர். கல்லாவை விட்டு எழுந்திருக்கவே யோசிப்பவர். அவர் எந்தக் கடலில் நீந்தினார்? எத்தனை மைல் ஓடினார்?

இரண்டு விஷயங்கள் ஒருவரிடம் சேர்ந்து இருந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. என் பாடத்தின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவேன். ஓடினாள், இறந்தாள், ஆகவே ஓடியதால் இறந்தாள் என்று விடைத்தாளில் எழுதியிருந்தால் தவறென்று சுழித்திருப்பேன். அன்று துக்க வீட்டில் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இரண்டாவது.

பேச்சியம்மாள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பெண். ராஜபாளையத்தில் பாண்டேஜ் துணி தயாரிக்கும் ஆலையொன்றில் தரம் பார்க்கும் வேலை. அவள் எடுத்துக்கொண்ட விளையாட்டு டிரையத்லான். கடலில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கிய கால்களோடு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டும். இது பாதித் தூரம். முழுத் தூரம் இதைப்போல இரண்டு மடங்கு. அதற்குத்தான் அவள் தயாராகிக்கொண்டிருந்தாள்.

வேலைக்குப் போகவரச் சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வத்திராயிருப்பு தாண்டி மகாராஜபுரம் வரைக்கும், இல்லாவிட்டால் தெற்கே சேத்தூர் தாண்டியும் போய்வருவாள். மதுரையில் ஒருவர் ஓட்டிக் கழித்த பந்தய சைக்கிள் அது. கைப்பிடியில் சுற்றியிருந்த நாடா பிய்ந்துபோனதும், ஆலையில் கழித்துப்போட்ட பாண்டேஜ் சுருளைக் கேட்டு வாங்கி, இழுத்துப் பிடித்துச் சுற்றிவிட்டாள். வியர்வையைக் குடித்துக்கொள்ளும், கை வழுக்காது. பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நின்ற ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, சைக்கிளுக்கு எங்க அடிபட்டுச்சு? ஊசி போட்டாச்சா?" என்று கத்தினான்.

"போட்டாச்சு அண்ணே. மிச்சம் ஒண்ணு இருக்கு, ஒங்களுக்கு வேணுமா?" என்றாள் இவள். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். நானாக இருந்தால் அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகவே போயிருக்க மாட்டேன்.

நான் அவளுக்குப் பயிற்சியாளன் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது, ஓடியதும் கிடையாது. எங்களூர்த் திருவண்ணாமலைக்கு, அந்த மலைப் பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில் இருக்கிறது தங்கராசு அண்ணாச்சியின் கிணறு. பெரிய சதுரக் கிணறு. அதில் நீந்த அவர் ஒரு நிபந்தனை போட்டார்: வயதில் மூத்தவர் ஒருவர் கரையில் இருக்க வேண்டும். பேச்சியம்மாள் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதேம்மா" என்றேன்.

"நீங்க குதிக்க வேண்டாம் சார். கத்துனாப் போதும்."

"எனக்குக் கத்தவும் வராது."

"அப்பம் விசில் வாங்கித் தாரேன்" என்றாள். அன்று மாலையே கொண்டுவந்து தந்தாள். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் விசில்.

அதிலிருந்து வாரத்தில் சில நாள் அதிகாலையில் நான் கிணற்று விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவேன். அவள் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நீந்துவாள். "தென்னைமரத்துல சாஞ்சு உக்காருங்க சார், அங்கயிருந்து பாத்தாலும் தெரியும்" என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். மரத்தடியிலிருந்து பார்த்தால் கிணற்றின் பாதிதான் தெரியும். ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பாதியாகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் என் செருப்பு ஒன்று கழன்று தண்ணீரில் விழுந்தது. மூழ்கி எடுத்து மேலே எறிந்தாள். "சார், அடுத்தது என்ன, கண்ணாடியா?" என்றாள்.

அவள் அடிக்கடி சொல்லும் இரண்டைக் குறித்துவைக்க விரும்புகிறேன். "வேகமா யாரு வேணாலும் போவாக சார். மெதுவாப் போகத்தான் பழகணும்." இது ஒன்று. மற்றது சாப்பாட்டைப் பற்றியது: "பசிக்கதுக்கு முன்னாடி தின்னணும், தாகம் எடுக்கதுக்கு முன்னாடி குடிக்கணும். பொறவு நெனச்சா முடியாது." சைக்கிளில் போகும்போது அவள் தின்றது, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை உப்பில் தொட்டு. அவள் இறந்த பிறகு போன் செய்த ஒரு பத்திரிகைக்காரர், "பால்கோவா சாப்பிட்டுத்தான் ஓடுவாங்களாமே?" என்று கேட்டார். இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். மறுநாள் பால்கோவா என்றே அச்சாகியிருந்தது. இந்த ஊர்ப் பெண் என்றால் பால்கோவாதான் தின்ன வேண்டும் போலிருக்கிறது. ஒருத்தி செத்த பிறகும் அவள் என்ன தின்றாள் என்பதைக் காது கொடுத்துக் கேட்க நமக்குப் பொறுமை இல்லை.

மூன்றாவது.

இந்த விளையாட்டுக்கு மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பு ஒன்று உண்டு. முழங்காலுக்குச் சற்று மேல் வரை இருக்கும். அது தபாலில் வந்த அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவள் அம்மா அதைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னட்டி, கைப்பிள்ளைக்குப் போடுத மாதிரி இருக்கு?"

"நடுவுல உடுப்பு மாத்த நேரம் கெடையாதும்மா. கடல்ல நனையும், சைக்கிள்ல காயும், ஓட்டத்துல திரும்ப நனையும்."

"ஊரு வாயில நனஞ்சா எதுலட்டி காயும்?"

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அந்த அம்மாள் சொன்னதே நடந்தது. கிணற்றுக்கு வரும்போது சுடிதாரை மேலே போட்டுக்கொண்டு வந்து, யாரும் இல்லையென்று பார்த்த பிறகே பேச்சியம்மாள் தண்ணீரில் இறங்குவாள். அப்படியும் பேசினார்கள். அதே கிணற்றில் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஆண்கள் அரைத்துண்டோடு குதிக்கிறார்கள். அவர்கள் உடுப்பைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டத்துக்குள் அவள் ஓடினாள். சாலை ஓரமாக ஒதுங்கி ஓடியவளிடம் நடந்து போன ஒரு பெண், "என்ன நேத்தி தாயி, ஓடியே வாரேன்னு வேண்டிக்கிட்டியோ?" என்று கேட்டாளாம். கேட்டது மட்டுமல்ல, கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலையும் கொடுத்தாளாம். "நேத்தின்னா தண்ணி குடுக்காக சார். வெளையாட்டுன்னா வையுதாக" என்று என்னிடம் சொன்னாள். அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. இப்போது தெருமுனையில் நிற்கும் பெரிய பேனரில் "எங்கள் ஊரின் பெருமை" என்று போட்டிருக்கிறது. அதில் அவள் படத்தைக் கழுத்தோடு வெட்டி, அதற்குக் கீழே யாருடைய புடவையையோ ஒட்டியிருக்கிறார்கள். பெருமைக்குக்கூட அந்த உடுப்பு ஆகவில்லை.

நான்காவது.

சென்ற ஆண்டு சென்னைப் பக்கம் நடந்த பாதித் தூரப் பந்தயத்தில் அவள் நீச்சலில் மிகவும் பிந்தினாள். கடைசிக் கூட்டத்தோடு கரையேறினாள். பிறகு சைக்கிளில் ஏராளமானவர்களைத் தாண்டினாள், ஓட்டத்தில் இன்னும் பலரைத் தாண்டினாள். ஆனாலும் பரிசு வரிசைக்கு எட்டவில்லை. கூடப் போயிருந்த முத்துலட்சுமி கரையிலிருந்து போனில் வீடியோப் படம் எடுத்து வந்தாள். பேச்சியம்மாளுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை, கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காரணம் தெளிவாகத் தெரிந்தது. பேச்சியம்மாள் சில கைவீச்சுக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தாள். கடலில் திசைக்காக எப்போதாவது தூக்கத்தான் வேண்டும். இவள் ஓயாமல் தூக்கினாள். தலை மேலே வந்தால் கால் கீழே போகும். நீந்துகிறவர் தண்ணீரை இழுத்துக்கொண்டு போவது போலாகிவிடும்.

கிணற்றிலும் அவள் அப்படித்தான் தூக்குவாள். ஏன்? அண்ணாச்சியின் கிணற்றில் மோட்டாருக்குப் போகும் இரும்புக் குழாய் ஒரு மூலையில் துருத்திக்கொண்டு நிற்கிறது. தலையில் இடிக்காமல் இருக்க, வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நீந்த வேண்டும். அந்தக் குழாயைச் சுவரோடு ஒதுக்கிக் கட்டித் தரும்படி நான் அண்ணாச்சியிடம் இரண்டு முறை கேட்டேன். "பாப்பம் சார்" என்றார். பார்க்கவில்லை. பெண் பிள்ளை போய் நேராக நீந்த இந்தப் பக்கத்தில் அவளுக்கு ஒரு குளம் அமையவில்லை. கிடைத்த ஒரு கிணற்றிலும் ஒரு குழாயை நகர்த்த ஆளில்லை. அவள் கால் தளரவில்லை, நெஞ்சு தளரவில்லை. நாம் கொடுத்த தண்ணீர் அவளுக்குக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. பந்தயம் முடிந்து வந்தவளிடம், "கடலில் குழாய் இல்லையே அம்மா, அங்கே ஏன் தூக்கினாய்?" என்று கேட்டேன். "பழகிப் போச்சு சார்" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். யார் பழக்கியது என்பதைத் தங்கராசு அண்ணாச்சி யோசிக்கட்டும்.

ஐந்தாவது. இதற்காகத்தான் மற்ற நான்கையும் எழுதினேன்.

முத்துலட்சுமியும் ஒன்றரை ஆண்டாகப் பேச்சியம்மாளோடு நீந்தி, மிதித்து, ஓடி வருகிறாள். வரும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். சாவு நடந்த மறுநாள் அவள் அப்பா சுந்தரபாண்டியன், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், அவள் சைக்கிளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அண்ணாச்சி கிணற்றுக்குக் கம்பி வலை போட ஆள் சொல்லிவிட்டார். நான் சுந்தரபாண்டியன் வீட்டுக்குப் போனேன்.

"சார், நான் ஓடாத ஓட்டமா? மலைல, பனில எல்லாம் ஓடிருக்கேன்" என்றார். "ஆனா ஆம்பள ஒடம்பு வேற. ஒரு பிள்ளையக் குடுத்தாச்சு. இன்னொண்ணையும் குடுக்கணுமா?"

உள்ளே கதவோரம் முத்துலட்சுமி நின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

சுந்தரபாண்டியன், அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். உங்கள் மகளுக்கு ஆபத்து என்றால் அது அந்தக் காலி மனையில் தேங்கி நிற்கிறது. போய் அதை மண் போட்டு மூடச் சொல்லுங்கள், நானும் உங்களோடு வந்து நிற்கிறேன். சைக்கிள் யாரையும் கடிக்கவில்லை. சாவுக்குக் காரணம் தெரியாமல் பயப்படுவது வேறு. காரணம் தெரிந்த பிறகும் வேறொன்றைப் பூட்டிவைப்பது, இறந்தவள் மீது பழி போடுவதாகும். முத்துலட்சுமி நீந்துவதை நிறுத்தினால், பேச்சியம்மாள் நீந்தித்தான் செத்தாள் என்று இந்த ஊர் எழுதி முத்திரை குத்திவிடும். பிறகு யாராலும் அதை அழிக்க முடியாது.

என்னிடம் அவளுடையதாக இருப்பது அந்த ஆரஞ்சு விசில் ஒன்றுதான். ஒரு தடவைகூட நான் அதை ஊதியதில்லை. ஊத வேண்டிய தேவையை அவள் எனக்குத் தரவில்லை.

இங்கே முடித்துவிட்டு, கணினியில் அடித்துத் தரும்படி இதை முத்துலட்சுமியிடம் கொடுத்தேன். நேற்று மாலை வந்தாள். தாள்களை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

"சார், இதுல ஒண்ணு தப்பா இருக்கு."

"எழுத்துப் பிழையா?"

"இல்ல. நாலாவது. அக்கா கொழாயப் பாக்கத் தலையத் தூக்கல."

"பிறகு?"

"ஒங்களப் பாக்கத் தூக்குச்சு."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்க விளிம்புல காலத் தொங்கப் போட்டு உக்காந்திருப்பிய. வெயில் ஏற ஏற ஒறக்கத்துல ஒங்க தல ஆடும். ஒருநா செருப்பு விழுந்துச்சுல்லா, அதுலருந்து அக்காவுக்குப் பயம். 'அவியளுக்கு நீச்சத் தெரியாதுட்டி, விழுந்தா நான்தான் தூக்கணும்'னு சொல்லும்."

"அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"மரத்துல சாஞ்சு உக்காருங்கன்னு எம்புட்டுத் தடவ சொல்லுச்சு! அதுக்கு மேல சொன்னா நீங்க சங்கடப்பட்டு வராமலே இருந்துருவியன்னு விட்டுருச்சு."

அவள் துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் தொழில் புத்தி போகவில்லை. குழாய் காரணம் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். அவள் உடனே சொன்னாள்.

"போன தை மாசம் நீங்க கோயமுத்தூருக்கு மகன் வீட்டுக்குப் போயிருந்திய. அப்பம் அக்காவப் பெத்த பெரியம்மாதான் கரைக்கு வந்தாக. வந்து மரத்துல சாஞ்சு ஒறங்கிருவாக. அதே கெணறு, அதே கொழா. அக்கா அந்த மாசம் பூராத் தலையவே தூக்கல சார். மீனு மாதிரி போச்சு."

மற்றவை எல்லாம் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மாறியது நான். இதைவிடத் துப்புரவான சோதனையை நானே அமைத்திருக்க முடியாது. ஓடினாள், இறந்தாள் என்று முடிச்சுப் போட்டவர்களை முதல் பக்கத்தில் திட்டினேன். நான்காவதில், குழாய் இருந்தது, தலையைத் தூக்கினாள் என்று நானும் அதே முடிச்சைப் போட்டிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நான் எழுதியபடியே அச்சாகட்டும். தங்கராசு அண்ணாச்சி என்னை மன்னிக்க வேண்டும். கம்பி வலைக்கு ஆள் வருவதற்கு முன் இதைப் படித்தால் இன்னும் நல்லது.

கரையில் உட்கார்ந்து அவளைக் காவல் காப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் நடுவிலும் அவள் கழுத்து என் பக்கம் தேடியிருக்கிறது.

சுந்தரபாண்டியன் அந்த அறையைத் திறந்தால், நான் மறுநாளே கிணற்றுக்கு வருவேன். விசில் கழுத்தில் இருக்கும். முதுகு தென்னைமரத்தில் இருக்கும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது ஆகியவற்றில் ஒரு சொல்லையும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். நான்காவது தவறு.